ஆற்றுப் படிவுகளும் கடார வரலாறும்: மூடா – மெர்போக் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் வட எல்லையில் ஓடுவது மூடா ஆறு. கெடா மாநிலத்தின் மலைப்பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, 4,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான பரப்பின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு, கோத்தா குவாலா மூடாவுக்கு அருகே மலாக்கா நீரிணையில் அது கலக்கிறது. பினாங்கு மக்கள் பருகும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. இந்த ஆற்றுக்கும் ஜெராய் மலைக்கும் இடைப்பட்ட சமவெளியே, தமிழ் மக்கள் கடாரம் என்று போற்றும் பண்டைய கெடாவின் நிலைக்களனான பூஜாங் பள்ளத்தாக்கு.

கடார வரலாற்றை நாம் இதுவரை பெரும்பாலும் எழுத்துச் சான்றுகளைக் கொண்டும் கட்டடச் சான்றுகளைக் கொண்டுமே எழுதி வந்திருக்கிறோம். பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம், அதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் எனத் தந்த உரைவிளக்கம், முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, புத்தகுப்தனின் கல்வெட்டு, சண்டிகள் எனப்படும் கோயில் அடித்தளங்கள் ஆகியவை நம் பாடநூல்களிலும் கருத்தரங்குகளிலும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பெறுகின்றன. ஆனால், இச்சான்றுகள் யாவும் எந்த மண்ணில் கிடந்தனவோ அந்த மண்ணே ஒரு சான்று என்பதை நாம் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை. ஆறு கொணர்ந்து இட்ட மணலும் வண்டலும் களியும் பண்டைய வெள்ளங்களையும் ஆற்றின் தடமாற்றங்களையும் எவ்வாறு வெளிப்படுத்துகின்றன, அவ்வறிவு கடார வரலாற்றைப் பற்றிய நம் புரிதலை எவ்வகையில் மாற்றக்கூடும் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தமிழ் மரபில் ஆற்றுப் படிவு

ஆற்றுப் படிவைக் கூர்ந்து நோக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. ஆறு இட்டுச் சென்ற மென்மண்ணை வண்டல் என்றும், நீரோட்டத்தால் வரிவரியாகப் படிந்த நுண்மணலை அறல் என்றும், நீர் குவித்த மணல்மேட்டை எக்கர் என்றும், ஆற்றின் நடுவே படிவால் உருவான திட்டைத் துருத்தி என்றும் அரங்கம் என்றும் பண்டைத் தமிழர் வேறுபடுத்தி வழங்கினர். ஆறு கடலொடு கலக்கும் இடத்திற்குப் புகார் என்னும் பெயர் இருந்தது. அதுவே காவிரியின் கழிமுகத்தில் எழுந்த துறைமுகத்தின் பெயராகவும் நிலைத்தது. சங்கச் செய்யுட்களில் சிறுமியர் ஆற்றங்கரையில் ஆடிய மணல் விளையாட்டும் வண்டல் என்றே பெயர் பெற்றது.

இச்சொற்களின் வேறுபாடு வெறும் சொல்வளம் அன்று. அதன் பின்னே இயற்கை பற்றிய ஓர் உண்மை இருக்கிறது. விரைந்தோடும் நீர் பருமணலைச் சுமக்கும். விரைவு குன்றுமிடத்தில் முதலில் பருமணலையும், பின்னர் நுண்மணலையும், நீர் ஏறத்தாழ அசைவற்று நிற்கும் இடத்தில் களியையும் இடும். ஆகவே, அறல் கிடக்கும் இடமும் வண்டல் கிடக்கும் இடமும் ஆற்றின் வெவ்வேறு செயல்களைக் காட்டுகின்றன. இன்றைய படிவியல் இதே வேறுபாட்டை அளவைகளால் நிறுவுகிறது.

படிவு என்னும் ஆவணம்

வெள்ளம் கரைபுரளும்போது, கரையைத் தாண்டியவுடன் நீரின் விரைவு திடீரெனக் குறைகிறது. எனவே கரையோரத்தில் மணலும் நுண்மணலும் படிந்து இயற்கைக் கரைமேடு உருவாகிறது. அதற்கப்பாலுள்ள தாழ்நிலத்தில் களி படிகிறது. ஆற்றின் வளைவுகளில் உட்புறம் மணல்திட்டு வளர, வெளிப்புறம் கரை அரிக்கப்படுகிறது. வளைவு மிகுந்து, ஒரு பெருவெள்ளத்தில் ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடினால், பழைய வளைவு குருட்டாறாக எஞ்சுகிறது. சில வேளைகளில் ஆறு தன் தடத்தை முழுவதுமாகக் கைவிட்டுத் தாழ்ந்த வேறொரு தடத்திற்கு மாறிவிடுவதும் உண்டு. கைவிடப்பட்ட தடம் காலப்போக்கில் களியாலும் இலைதழை மக்கிய கரிய மண்ணாலும் நிரம்பினாலும், நிலத்தைத் துளையிட்டு மாதிரி எடுக்கும்போது, அடியில் பருமணலும் மேலே செல்லச் செல்ல நுண்மணலும் களியுமாக அமைந்த அடுக்கு அத்தடத்தை அடையாளம் காட்டிவிடுகிறது.

அடுக்குகளின் வரிசை முன்பின்னைக் காட்டுமேயன்றி ஆண்டைக் காட்டாது. ஆண்டை அறிய இரு முறைகள் பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று, அடுக்கில் கிடைக்கும் கரித்துண்டு, விதை, சிப்பி ஆகியவற்றின் கரிமக் காலக்கணிப்பு. மற்றொன்று, 1985ஆம் ஆண்டில் அறிமுகமான ஒளிக்கிளர்வுக் காலக்கணிப்பு. படிகக்கல் மணித்துகள் ஒன்று கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்டு மண்ணுள் புதைந்தது எப்போது என்பதை இம்முறை அளக்கிறது. வெள்ளம் மணலைப் புதைத்த காலத்தையே நேரடியாகக் கணிப்பதால், ஆற்று வரலாற்றுக்கு இது மிகவும் ஏற்றது.

இந்தியாவில் நருமதை முதலிய ஆறுகளின் பாறைக்கிடங்குகளில் ஒதுங்கிப் படிந்த வெள்ள வண்டலை விஸ்வாஸ் காலே முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து, எழுத்துப் பதிவுகளுக்கு எட்டாத பழங்காலப் பெருவெள்ளங்களின் வரிசையை வகுத்துள்ளனர். அண்மைய எடுத்துக்காட்டு கீழடி. அங்குள்ள செங்கற் கட்டுமானங்களை மூடிக்கிடக்கும் வைகைப் படிவுகளை அகமதாபாத்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தினரும் தமிழ்நாடு தொல்லியல் துறையினரும் ஒளிக்கிளர்வு முறையில் ஆராய்ந்து 2025ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கட்டுமானங்களை மூடிய வெள்ளம் ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது அதன் சாரம். கீழடியின் தொன்மைக் காலக்கணிப்புகளோ கி.மு. நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. எனவே ஓர் ஊர் செழித்த காலமும், அது கைவிடப்பட்ட காலமும், மண்ணால் மூடப்பட்ட காலமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்னும் முதன்மையான பாடத்தைக் கீழடி நமக்குத் தருகிறது.

மூடா – மெர்போக் நிலத்தோற்றம்

மூடாவுக்கு வடக்கே மெர்போக் ஆறு ஓடுகிறது. மெர்போக்கின் கழிமுகம் மிக அகன்றது. சதுப்புநிலக் காடுகளால் சூழப்பட்டது. ஆனால், அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு மூடாவினதைவிடப் பன்மடங்கு சிறியது. சிற்றாறு ஒன்றுக்கு இத்துணைப் பெரிய கழிமுகம் எவ்வாறு அமைந்தது என்னும் வினாவுக்கு விடை, கடல்மட்ட வரலாற்றில் இருக்கிறது.

மலாக்கா நீரிணையின் பழங்காலக் கடல்மட்டத்தைப் பற்றிக் கெய், குத்ராஸ், ஸ்ட்ரைஃப் ஆகியோர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் அதன் பின்வந்த ஆய்வுகளும், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்ததைக் காட்டுகின்றன. அக்காலத்தில் ஜெராய் மலையின் அடிவாரத் தாழ்நிலங்களில் கடல் புகுந்திருந்தது. மெர்போக் ஒரு குடாவாக இருந்தது. பின்னர்க் கடல்மட்டம் மெல்லத் தாழ, ஆறுகள் கொணர்ந்த படிவு குடாவை நிரப்ப, கரை மேற்கு நோக்கி நகர்ந்தது.

இதற்குரிய சான்று பினாங்கு மண்ணிலேயே உள்ளது. செபராங் பிறையின் வடபகுதியில், மூடா ஆற்றுக்குத் தெற்கே அமைந்த குவார் கெப்பாவில் உள்ள சிப்பி மேடுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றவை. 1934இல் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் அங்கே அகழாய்வு நிகழ்த்தினார். 2017ஆம் ஆண்டில் 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய பெண்ணின் எலும்புக்கூடு ஒன்றும் அங்கே கண்டெடுக்கப்பட்டது. கடற்சிப்பிகளை உணவாகக் கொண்ட மக்கள் வாழ்ந்த அவ்விடம் இன்று கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கரை நகர்ந்ததை இதனினும் எளிதாக மாணவர்க்கு விளக்கும் இடம் வேறில்லை.

துறைகளின் இடப்பெயர்ச்சி

1830களில் செபராங் பிறையில் பணியாற்றிய ஜேம்ஸ் லோ, 1834இல் அங்கே புத்தகுப்தனின் கல்வெட்டைக் கண்டார். தென்னிந்திய எழுத்தமைதியில், வடமொழியில், ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அக்கல் இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சார்ந்த கப்பல் தலைவன் ஒருவனுடையது. வங்கத்தைச் சார்ந்த அவ்வூரின் பெயருக்குச் செம்மண் என்பது பொருள். பின்னர் 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸும் அவர் துணைவியார் டோரதி வேல்ஸும் பூஜாங் பள்ளத்தாக்கில் 30 இடங்களைப் பதிவு செய்தனர். 1959–60இல் அலஸ்டேர் லாம் புக்கிட் பத்து பாஹாட் சண்டியை அகழ்ந்து மீட்டமைத்தார்.

இவற்றின் வழியும் பின்வந்த அகழாய்வுகளின் வழியும் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மூடாவின் பழந்தடத்தை ஒட்டிய சுங்கை மாஸ் கி.பி. முதல் ஆயிரத்தாண்டில் செழித்த துறை. மெர்போக்கின் கிளையாற்றங்கரையில் அமைந்த பெங்காலான் பூஜாங்கோ 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 14ஆம் நூற்றாண்டு வரையான சொங், யுவான் காலச் சீனப் பீங்கான்களை மிகுதியாக அளித்த இடம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் அகழ்ந்து வரும் சுங்கை பத்துவில் இரும்பு உருக்குக் களங்களும், ஊதுகுழல்களும், கிட்டக் குவியல்களும், படகுத்துறை எனக் கருதப்படும் செங்கல் அமைப்புகளும் வெளிப்பட்டுள்ளன. இன்று செம்பனைத் தோட்டங்களுக்கிடையே சிற்றோடை மட்டும் ஓடும் அவ்விடத்தில் படகுத்துறை இருந்ததென்றால், அங்கே ஒரு காலத்தில் அகன்ற நீர்வழி இருந்திருக்கவேண்டும். அந்நீர்வழி இன்று மண்ணுக்கடியில் உள்ளது.

தமிழகத்திலும் இதற்கு இணை உண்டு. 1960களில் காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில், இன்று வயலாகக் கிடக்கும் நிலத்தில் செங்கற் படகுத்துறையும் படகுகளைக் கட்டும் மரத்தறிகளும் வெளிப்பட்டன. காவிரியின் கிளை ஒன்று அங்கே ஓடியதற்கு அத்துறையே சான்று. பூம்புகாரைக் கடல் கொண்டது என்னும் செய்தியையே நாம் மாணவர்க்குச் சொல்கிறோம். ஆற்றுப் படிவு மூடிய பகுதியும் அதற்கு உண்டு என்பதைச் சொல்வதில்லை.

படையெடுப்பா, படிவா?

கடாரத்தின் வீழ்ச்சியை 1025ஆம் ஆண்டின் சோழர் படையெடுப்போடு நேரடியாக இணைத்துக் கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சிலர் இதனைப் பெருமிதத்தோடும், வேறு சிலர் குற்றச்சாட்டாகவும் கூறுவர். இரு சாராரும் ஒரே எடுகோளை ஏற்கின்றனர்: ஒரு படையெடுப்பு ஒரு துறைமுகத்தின் விதியை முடித்துவிட்டது என்பதே அது.

பெங்காலான் பூஜாங்கின் பீங்கான் சான்று இவ்வெடுகோளுக்கு இடந்தரவில்லை. 1025க்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வணிகம் நடந்திருக்கிறது. ஆகவே விளக்கப்படவேண்டியது ஒரு நாட்டின் திடீர் அழிவன்று. வணிகத்தின் மையம் ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்கு மாறியதும், பின்னர் அவ்விடமும் மங்கியதுமே ஆகும்.

ஜேன் ஆலன் 1988இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் 1991இல் வெளியிட்ட கட்டுரையிலும் மண்ணியல் சான்றுகளைக் கொண்டு இவ்வினாவை அணுகினார். மேட்டு நிலக் காடழிப்பால் மண்ணரிப்பு மிகுந்து, ஆற்றுவாய்கள் தூர்ந்து, கரை முன்னேறிய சூழலில் துறைகளின் அமைவிடத்தைக் காணவேண்டும் என்பது அவர் வாதத்தின் மையம். டி. டி. கூ 1996இல் மெர்போக் கழிமுகப் பகுதியின் நிலவடிவ வளர்ச்சியைப் பண்டைய கெடாவின் வரலாற்றோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். சுங்கை பத்துவின் கண்டுபிடிப்பு இவ்வாதத்திற்குப் புதியதொரு பரிமாணத்தைத் தருகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இரும்பு உருக்குவதற்குக் கரி வேண்டும்; கரிக்கு மரம் வேண்டும். பல நூற்றாண்டுகள் நடந்த உருக்குத் தொழில் சுற்றுப்புறக் காடுகளை அழித்திருப்பின், அதனால் அரிக்கப்பட்ட மண் அத்தொழிலின் விளைபொருளை ஏற்றிச் சென்ற நீர்வழியையே தூர்த்திருக்கக்கூடும். செல்வத்தைத் தந்த தொழிலே துறையை மூடியது என்னும் இக்கருதுகோளைத் துளைமண் மாதிரிகளில் கரித்துகள்களின் அளவையும் மகரந்தத்தையும் அடுக்குதோறும் எண்ணிச் சோதிக்க இயலும்.

இத்தகைய நிகழ்வு நம் நாட்டு அண்மை வரலாற்றிலேயே உள்ளது. சிலாங்கூரின் பழைய கோலகுபு நகரம் 1883ஆம் ஆண்டின் அணை உடைப்பால் பேரழிவுக்கு உள்ளாயிற்று. ஆயினும் அந்நகரம் இறுதியில் கைவிடப்பட்டதற்குக் காரணம் அந்த ஒரு நாள் வெள்ளம் அன்று. ஈயச் சுரங்கங்களிலிருந்து ஆற்றில் இறங்கிய மண் ஆண்டுதோறும் படுகையை உயர்த்தி வெள்ளத்தை வழக்கமாக்கியதே ஆகும். இதனால் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோலகுபு பாரு என்னும் புதுநகரம் உயர்ந்த நிலத்தில் அமைக்கப்பட்டது. பேரிடரை நாம் நினைவில் வைக்கிறோம். மெல்லப் படியும் மண்ணை மறந்துவிடுகிறோம்.

இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரத்தைக் கடலைக் காவலாகக் கொண்ட ஊராகச் சுட்டுவதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். அஃது ஒரு புகழ்ச்சி மரபாக இருக்கலாம்; எனினும் குடா முழுவதும் தூர்ந்திராத 11ஆம் நூற்றாண்டின் நிலத்தோற்றத்திற்கு அது முரணாகவும் இல்லை. எழுத்துச் சான்றும் மண் சான்றும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல; ஒன்றையொன்று விளக்குவன.

சான்றின் வரம்புகள்

படிவுச் சான்றைக் கையாளும்போது மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, மணல் அடுக்கு எல்லாம் ஆற்று வெள்ளத்தின் அடையாளம் ஆகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கையும் கோத்தா குவாலா மூடாவையும் தாக்கியது. இத்தகைய பேரலைகள் கரையோர நிலத்தின்மேல் கடல் மணலை இட்டுச் செல்வதுண்டு. நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் உள்ளனவா என்பதைக் கண்டே கடலிட்ட மணலையும் ஆறிட்ட மணலையும் பிரித்தறிய முடியும். இரண்டாவது, ஆறு பழைய மரத்தையும் கரியையும் அரித்துக் கொணர்ந்து புதிய படிவில் சேர்ப்பதுண்டு. கரித்துண்டின் வயதை அப்படியே அடுக்கின் வயதாகவோ, அருகிலுள்ள கட்டடத்தின் வயதாகவோ கொள்வது பிழைக்கு வழிவகுக்கும். சுங்கை பத்துவுக்குக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை பின்செல்லும் காலக்கணிப்புகள் வெளியிடப்பட்டுள்ளன. அவை குறித்து ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. தொன்மையின் மீதுள்ள பற்றால் நாம் அவற்றை ஆராயாமல் ஏற்பது முறையன்று. மூன்றாவது, படையெடுப்பே அனைத்திற்கும் காரணம் என்பதற்கு மாற்றாக வெள்ளமே அனைத்திற்கும் காரணம் என்று கூறிவிடலாகாது. சீன வணிகத்தின் ஏற்றத்தாழ்வும், சிறீவிசயத்தின் தளர்ச்சியும், 15ஆம் நூற்றாண்டில் மலாக்காவின் எழுச்சியும் உரிய இடத்தைப் பெறவேண்டும்.

அழியும் ஆவணம்

2013ஆம் ஆண்டில் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுப் பணியின்போது தகர்க்கப்பட்டது. அது பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று, அது முறையே. ஆயினும், கல்லும் செங்கல்லும் அழிந்தால் மட்டுமே நாம் குரல் எழுப்புகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் சில சண்டிகள் வேறிடங்களிலிருந்து கொணர்ந்து மீட்டமைக்கப்பட்டுள்ளன. கட்டடத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம். அதன்கீழ் இருந்த மண்ணடுக்கைப் பெயர்த்து வைக்க இயலாது.

மூடா ஆற்றில் நெடுங்காலமாக நடைபெற்ற மணல் அகழ்வு படுகையைத் தாழ்த்தியுள்ளதை ஆற்றுப் பொறியியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. 2003ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் வகுக்கப்பட்ட வெள்ளத் தடுப்புத் திட்டத்தை ஆராய்ந்த பியர் ஜூலியன், அமினுதீன் அப்துல் கனி முதலியோரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதனை வலியுறுத்துகிறது. கரையணை கட்டுவதற்கும் பாலம் அமைப்பதற்கும் ஆற்றின் கடந்த சில பத்தாண்டுகளின் நீரளவுப் பதிவுகளையே பொறியாளர்கள் பயன்படுத்துகின்றனர். ஆயிரம் ஆண்டுகளின் பதிவு அருகிலேயே மண்ணில் உள்ளது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கு கண்ட வெள்ளம் முன்னெப்போதும் நிகழாதது என்று பலரும் கூறினர். நம் எழுத்துப் பதிவுக்குள் நிகழாதது என்பதே அதன் பொருள். ஆற்றின் பதிவுக்குள் நிகழ்ந்ததா என்பதை மண்ணைக் கேட்டே அறியவேண்டும்.

பொதுமக்களின் நினைவு இவ்வகையில் நுட்பமானது. கிளந்தானில் 1926ஆம் ஆண்டின் வெள்ளத்தைச் செந்நிற வெள்ளம் என்றும், 2014ஆம் ஆண்டின் வெள்ளத்தை மஞ்சள் வெள்ளம் என்றும் மக்கள் வழங்குகின்றனர். வெள்ளத்தை அதன் நீரளவால் அன்றி, அது சுமந்து வந்த மண்ணின் நிறத்தால் அவர்கள் பெயரிட்டனர். படிவியலாளரும் அதனையே செய்கின்றனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஆற்றுப் படிவு, வெள்ளங்களையும் தடமாற்றங்களையும் காலவரிசையில் பதிந்து வைத்துள்ள ஓர் ஆவணம். மூடா – மெர்போக் சமவெளியில் அவ்வாவணத்தைப் படிக்கும்போது, கடாரத் துறைகளின் எழுச்சியும் இடப்பெயர்ச்சியும் ஒரே படையெடுப்பின் விளைவாகத் தோன்றாமல், கடல், ஆறு, காடு, தொழில், அரசியல் ஆகியவை கூடி இயங்கிய நெடிய நிகழ்வாகத் தோன்றுகின்றன. அவ்வாவணம் முழுமையாகப் படிக்கப்படுவதற்கு முன்னரே அகழ்வாலும் கட்டுமானத்தாலும் குலைந்து வருகிறது.

மதுரையில் வைகை பெருகியபோது வந்திக்காக இறைவன் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை நம் மாணவர் அறிவர். அதனைக் கற்பிக்கும் ஆசிரியர், உடைந்த கரையின் மண் எங்கே சென்று படிந்தது என்னும் வினாவையும் அவர்களிடம் எழுப்பலாம். பூஜாங் பள்ளத்தாக்குக்கு மாணவரை அழைத்துச் செல்லும் தமிழ் ஆசிரியர்கள், சண்டிகளோடு நின்றுவிடாமல், மூடாவின் கரையையும் குவார் கெப்பாவையும் மெர்போக்கின் சதுப்புநிலத்தையும் காட்டுதல் வேண்டும். தமிழ் ஆய்வாளர்கள் நிலவியல், தொல்லியல் துறையினரோடு இணைந்து, நாம் அறிந்த எழுத்துச் சான்றுகளை அவர்கள் அறிந்த மண் சான்றுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். கடாரத்தின் மீது நமக்குள்ள உரிமை உணர்வு மெய்யானால், அதன் கற்களைப் போலவே அதன் மண்ணையும் நாம் காத்தாகவேண்டும்.